நூறு தடவை சொன்னேன்



சென்ற மாதத்தில் ஒரு நாள் மஃரிப் தொழுது வீடு திரும்பியபோது மின்சாரம் நின்றிருந்தது. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டியே எட்டு விசைத்தறிகள் ஓடும் சிறு தறிக்கூடம் ஒன்று உள்ளது. தறிகள் நின்றுவிட்டால்தான் எங்கள் வீட்டில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் காதில் விழும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் இளைய மகள் அவசர விளக்கின் வெளிச்சத்தில் தமிழ் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கேட்டாள்:

“அத்தா, உயர்வு நவிற்சி அணின்னா உள்ளதை விட மிகைப்படுத்திச் சொல்றதுங்களா?”

“ஆமாம்மா.”

“அப்ப அது பொய்தானுங்களே? பொய் பேசறது பாவம்னு மதரஸாவுல ஹஜ்ரத் சொல்றாங்க. பள்ளிக்கூடத்துல அதையே அழகுங்கறாங்க. பரீட்சையில நான் எதை எழுதறது?”

நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “சாப்பிட வான்னு நூறு தடவை கூப்பிட்டுப் போட்டேன், கேக்கறாளா பாரு!” மகள் சிரித்துவிட்டாள். “பாருங்கத்தா, அம்மாவும் உயர்வு நவிற்சி!” என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டுப் போனாள்.

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தக் கேள்வி நான்கு ஆண்டுகளாக நான் எனக்குள்ளேயே மூடி வைத்திருந்த ஒன்றைத் தொட்டுவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடி நான் சென்ற வழியைச் சொல்லிவிடுகிறேன்.

என் மர்ஹூம் அத்தா அதிகம் படித்தவரல்லர். பிறருடைய தறியில் கூலிக்கு நெய்தவர். ஆயினும் அவரிடம் அட்டை கிழிந்த சீறாப்புராணப் பிரதி ஒன்று இருந்தது. ரபீஉல் அவ்வல் மாதத்தில் இஷாவுக்குப் பின் அதை எடுத்து இராகத்தோடு வாசித்துப் பொருள் சொல்வார். உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டில் பாடிய அந்தக் காப்பியம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைக் கூறுகிறது.

அதன் தொடக்கத்தில் நாட்டுப் படலம் வரும். அரபு நாட்டில் மழை பொழிகிறது. வெள்ளம் மலையிலிருந்து இறங்கி வயலுக்குள் பாய்கிறது. உழவர் உழுகின்றனர், நாற்று நடுகின்றனர், நெல் விளைகிறது. பன்னிரண்டு வயதில் இதைக் கேட்ட எனக்குக் குழப்பம் உண்டாயிற்று. அந்த வாரந்தான் மதரஸாவில் இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவைப் படித்திருந்தோம். தம் சந்ததியைப் பயிர் விளையாத பள்ளத்தாக்கில், இறைவனின் இல்லத்தருகே குடியமர்த்தியதாக அவர்கள் முறையிடுவதைச் சூரா இப்ராஹீமின் 37ஆம் வசனம் கூறுகிறது. பயிரே இல்லாத அந்த மண்ணில் உமறுப் புலவர் நெல் விளைவித்தது எப்படி?

மழை மறைவுப் பகுதியான எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இந்த ஐயம் இன்னும் அழுத்தமாகவே எழும். ஆயிரம் அடி துளைத்தும் புழுதி மட்டுமே வந்த ஆழ்குழாய்க் கிணறுகளை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். அருகில் ஓடும் நொய்யலும் ஆண்டு முழுவதும் தண்ணீர் காட்டும் ஆறன்று. வறண்ட நிலம் எப்படி இருக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அத்தாவிடம் கேட்டேன். அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. “வீட்டுக்குப் பெரியவங்க வந்தா நாம என்ன செய்வோம்? இருக்கறதுலயே நல்ல பாயை எடுத்து விரிப்போம். புலவருக்குத் தெரிஞ்ச நல்ல பாய் நெல் வயல்தான். நாயகத்துக்கு அதை விரிச்சாரு. மக்கத்துல நெல்லு விளையாதுன்னு அவருக்கும் தெரியும், கேக்கறவங்களுக்கும் தெரியும்.”

பின்னாளில் அஞ்சல் வழியில் தமிழ் படித்தபோதுதான் அத்தாவின் சொல்லில் இருந்த நுட்பம் எனக்கு விளங்கியது. பெருங்காப்பியம் என்றால் அதில் மலை, கடல், நாடு, நகர் ஆகியவற்றின் வருணனை இடம்பெற வேண்டும் என்று தண்டியலங்காரம் வகுத்துள்ளது. அந்த மரபை அறிந்த சபையின்முன் உமறுப் புலவர் பாடினார். நாட்டுப் படலத்தைக் கேட்டவர் எவரும் அரபு நாட்டுக்கு நெல் வாங்கக் கப்பல் அனுப்பியிருக்க மாட்டார். அந்த மிகையால் ஏமாந்தவர் ஒருவருமில்லை.

அதே தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளுள் அதிசய அணியும் ஒன்று. பள்ளிப் பாடத்தில் உயர்வு நவிற்சி என்று வருவது இதைச் சேர்ந்ததே. அதற்கும் அந்நூல் ஓர் எல்லை வைக்கிறது: மிகை உலக வரம்பைக் கடந்துவிடக் கூடாது, சான்றோர் கேட்டு வியக்குமாறு அமைய வேண்டும். வாய்க்கு வந்தபடி பெருக்கிப் பேசுவதைத் தமிழும் அழகு என்று ஏற்கவில்லை.

இனி நம் மார்க்கத்தின் பக்கம் வருவோம். மிகைப்படுத்திக் கூறுவதை அரபு மொழியில் முபாலகா என்பர். அல்லாஹ்வின் வேதமே மனித மொழியின் இந்த வழக்கை ஆண்டிருக்கிறது. அகழ்ப் போரின் அச்சத்தைச் சொல்லும்போது, இதயங்கள் தொண்டைக்குழியை எட்டிவிட்டதாகச் சூரா அஹ்ஸாப் கூறுகிறது. ஆணவத்தோடு வசனங்களைப் பொய்யாக்கியவர் சுவனம் புகுவது, ஊசியின் காதில் ஒட்டகம் நுழையும் வரை நடவாது என்று சூரா அஃராப் கூறுகிறது. கேட்பவர் எவரும் இதைப் பிழையாகப் புரிந்துகொள்வதில்லை. கடல் முழுவதும் மையானாலும் இறைவனின் வார்த்தைகள் எழுதித் தீரா என்று சூரா கஹ்ஃப் கூறுவது வேறு வகையானது. அது மிகையே அன்று. அவனைப் பற்றி நாம் எவ்வளவு பெரிதாகச் சொன்னாலும் அது குறைவாகவே நிற்கும். மிகை என்ற பேச்சு படைப்பினங்களைப் பற்றிப் பேசும்போதுதான் எழுகிறது.

அரபுக் கவிஞர்களும் மிகையில் ஊறியவர்களே. உக்காழ் சந்தையில் நடந்ததாக இலக்கிய நூல்களில் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. இளைஞரான ஹஸ்ஸான் இப்னு ஸாபித் தம் குலப்பெருமையைப் பாடினார். விருந்தோம்பும் பாத்திரங்களையும் குருதி சொட்டும் வாள்களையும் அதில் புகழ்ந்திருந்தார். நடுவராக இருந்த நாபிகா, பாத்திரங்களின் எண்ணிக்கையைக் குறைவாகக் காட்டும் சொல்லைப் பயன்படுத்திவிட்டீர், குருதி சொட்டியது என்பதைவிடப் பெருக்கெடுத்தது என்று பாடியிருக்கலாமே என்று குறை கண்டாராம். போதிய அளவு மிகைப்படுத்தவில்லை என்பதே அங்குக் குற்றம்!

அதே ஹஸ்ஸான் (ரலி) பின்னாளில் நபி (ஸல்) அவர்களின் கவிஞரானார். இஸ்லாத்துக்குப் பின் அவருடைய கவிதையின் வீரியம் தளர்ந்துவிட்டது என்று பஸ்ராவின் மொழியறிஞர் அல்அஸ்மயீ கருதினார். கவிதை நன்மையின் வாசலில் நுழைந்தால் மென்மையாகிவிடும் என்பது அவருடைய எண்ணம். இது சரியான மதிப்பீடா என்று அறிஞர்கள் விவாதிக்கட்டும். ஆனால் சொல்லுக்குக் கணக்கு உண்டு என்று நம்பத் தொடங்கிய மனிதன் முன்போல் வாளைச் சுழற்ற மாட்டான் என்பது எனக்கு விளங்குகிறது.

நபி (ஸல்) அவர்கள் கவிதையைத் தடுத்துவிடவில்லை. லபீதின் கவிதையடி ஒன்றைக் கவிஞர் சொன்னவற்றுள் மிக உண்மையானது என்று பாராட்டினார்கள். ஒரு மணவீட்டில் சிறுமியர் தஃப் அடித்து, பத்ரில் உயிர்நீத்த தம் தந்தையரைப் போற்றிப் பாடிக்கொண்டிருந்தனர். அண்ணலார் வந்து அமர்ந்ததும் ஒரு சிறுமி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்னும் பொருளில் பாடினாள். அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடுமாறு அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. பாட்டு நிற்கவில்லை, தஃபும் நிற்கவில்லை. இறைவனுக்கு மட்டும் உரியதை ஒரு மனிதருக்குக் கொடுத்த அந்த ஓர் அடி மட்டும் நின்றது. மர்யமின் மகனைப் புகழ்வதில் எல்லை கடந்தது போல் தம்மைப் புகழ வேண்டாம் என்று அவர்கள் எச்சரித்ததும் இந்த எல்லையைக் காக்கவே.

நம் தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் மிகப்பெரிய உயர்வு நவிற்சி எது என்று கேட்டால், செத்தும் கொடுத்த சீதக்காதி என்பதையே நான் சொல்வேன். கீழக்கரை ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்னும் வள்ளலை நாடி ஒரு புலவர் வந்தார். வள்ளல் மறைந்துவிட்ட செய்தியறிந்து கப்ரின் அருகே அழுதபோது, மோதிரம் அணிந்த கை ஒன்று வெளியே நீண்டது என்பது கதை. இதை நடந்த நிகழ்ச்சியாக நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஆனால் கதையைத் தூக்கி எறிந்துவிடவும் மனம் வரவில்லை. ஏனென்றால் சீறாப்புராணத்தைப் பாடுமாறு உமறுப் புலவரைத் தூண்டி ஆதரித்தவர் அந்தச் சீதக்காதிதான். காப்பியம் வளர்ந்து முடிவதற்குள் அவர் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் பணி தொடர்ந்தது. அதற்குப் பின் முந்நூறு ஆண்டுகள் கழித்து, கொங்கு நாட்டில் கூலிக்கு நெய்த ஒருவர் அந்தப் பாடல்களைத் தம் மகனுக்குப் படித்துக் காட்டினார். மனிதன் இறந்த பின்னும் நிலையான தர்மத்தின் நன்மை நிற்பதில்லை என்பது ஹதீஸ். அப்படியானால் செத்தும் கொடுத்தார் என்பதில் மோதிரம்தான் மிகை, கொடுத்தது மெய்.

இவ்வளவையும் யோசித்த பின்பும் மகளுக்குச் சொல்ல ஒரு நேரான அளவுகோல் கிடைக்கவில்லை. அது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் கிடைத்தது. நாவின் தீங்குகளைப் பேசும் பகுதியில் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம், என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னதேதான்! ஒருவன் இன்னொருவனிடம் நூறு முறை கேட்டேன் என்கிறான். எண்ணிக்கையைச் சொல்வது அவன் நோக்கமன்று, மிகுதியைச் சொல்வதே நோக்கம். வழக்கத்துக்கு மாறாகப் பலமுறை கேட்டிருந்தால் நூறை எட்டாவிட்டாலும் அவன் பாவியல்லன். ஆனால் ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு நூறு என்றால் அவன் பொய்யன். இமாம் நவவி (ரஹ்) அவர்களும் அல்அத்கார் நூலில் இதை எடுத்துரைத்து, ஆதாரமாக ஒரு ஹதீஸைக் காட்டுகிறார்கள்.

அந்த ஹதீஸ்தான் என்னைத் தூங்க விடாதது.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) மணவிலக்குப் பெற்று இத்தா முடிந்தபோது முஆவியா, அபூஜஹ்ம் ஆகிய இருவர் பெண் கேட்டனர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர், முஆவியாவோ பொருளற்ற ஏழை, உஸாமாவை மணந்துகொள்ளும் என்னும் கருத்தில் அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அபூஜஹ்ம் உண்ணும்போதும் உறங்கும்போதும் தடியைத் தோளில் வைத்திருந்திருக்க மாட்டார். எனவே இது முபாலகா. முபாலகா பொய்யாகாது என்பதற்கு இதுவே சான்று என்கின்றனர் அறிஞர்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒன்றுவிட்ட உறவினர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனைத் தம் மகளுக்குப் பேசியிருந்தனர். அவன் என் தறிக்கூடத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவன். “பையன் எப்படிங்கண்ணா? உங்களுக்குத்தான் தெரியும்” என்றார்.

எனக்குத் தெரியும். வேலையில் கெட்டிக்காரன். ஆனால் கோபம் வந்தால் கை நீளும். நூல் சுற்றும் சிறுவன் ஒருவனை அவன் அடித்ததை நானே விலக்கிவிட்டிருக்கிறேன். கடனும் இருந்தது. இவையெல்லாம் என் நாவின் நுனிக்கு வந்தன. பிறகு, நல்ல காரியத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும், புறம் பேசிய பாவம் நமக்கெதற்கு என்று எண்ணினேன். அவனுடைய தகப்பனார் ஒவ்வொரு ஜும்ஆவிலும் என் பக்கத்தில் தொழுபவர் என்பதும் நினைவுக்கு வந்தது. “சொக்கத் தங்கமுங்க. எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாமுங்க” என்றேன்.

பதினான்கு மாதங்களில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்பினாள். ஜமாஅத்தில் பேச்சுவார்த்தை நடந்த நாளில் அவளுடைய தகப்பனார் என்னைப் பள்ளிவாசல் வாயிலில் பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. “எல்லாரும் நல்ல பையன்னுதான் சொன்னாங்க. அதை நான் எடுத்துக்கலீங்கண்ணா. நீங்க சொன்னதைத்தான் கணக்குல எடுத்துக்கிட்டேன்” என்றார். அவ்வளவுதான்.

நீண்ட நாள் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ‘தங்கமான பையன் என்பது ஊர் வழக்குத்தானே? எல்லோரும் சொல்வதுதானே? அதை யார் அப்படியே எடுத்துக்கொள்வார்?’ என் மகள் கேட்ட கேள்வி அந்த ஆறுதலை உடைத்துவிட்டது. உமறுப் புலவரின் சபைக்கு மக்காவில் நெல் விளையாது என்று தெரியும். எனவே அங்கே வயல் என்பது அழகு. அந்தத் தகப்பனாருக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் என்னைக் கேட்டார். அவர் அளந்து தரக் கேட்ட இடத்தில் நான் அணி பாடினேன்.

இறைத்தூதர் (ஸல்) அவர்களிடமும் கேட்கப்பட்டது இதே கேள்விதான். அவர்களும் மிகையான சொல்லையே ஆண்டார்கள். ஆனால் அந்தச் சொல் ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டிய உண்மையை அவள் மறக்க முடியாதபடி காட்டியது. என் சொல் அதே உண்மையை மறைத்தது. அவர்கள் தடியைக் காட்டினார்கள். நான் அதன்மேல் தங்க முலாம் பூசினேன். திருமண விசாரணையில் குறையை உள்ளபடி சொல்வது விலக்கப்பட்ட புறம்பேசுதலில் சேராது என்று, இந்த ஹதீஸைக் கொண்டே இமாம் நவவி ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதியுள்ளார்கள். அந்த நூல் என் அலமாரியில்தான் இருந்தது.

என் தொழிலில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. நூல் கொடுத்தவரிடம் காடாத் துணியை ஒப்படைக்கும்போது, உங்கள் நூல் பட்டு போல ஓடியது என்று நான் சொல்லலாம். அவர் சிரிப்பார். ஆனால் நூறு மீட்டர் என்று சொன்னால் அங்கே நூறு மீட்டர் இருந்தாக வேண்டும். அளவில் குறைப்போருக்குக் கேடு என்று தொடங்கும் சூரா முதஃப்பிஃபீனைத் துணிக்கும் தானியத்துக்கும் மட்டுமே உரியதாக நினைத்திருந்தேன். ஒருவர் நம்பிக் கேட்கும்போது நாம் கொடுக்கும் சொல்லும் அளவுப் பொருள்தான்.

மார்க்கத்தின் பெயரால் வரும் மிகைக்கும் இது பொருந்தும். சிறு அமல் ஒன்றுக்கு மலைக்க வைக்கும் நன்மைகளை அடுக்கிச் செல்வது, இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் அடையாளங்களுள் ஒன்று என்று இப்னுல் கைய்யிம் (ரஹ்) போன்ற ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். இன்று வாட்ஸ்அப்பில் அத்தகையவற்றை நல்லெண்ணத்தோடு அனுப்புகிறோம். நன்மைக்காகச் சொன்ன மிகைதானே என்பது அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே சமாதானம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்குச் சென்று வந்தேன். எனக்குத் தெரிந்திருந்தும் மறைத்தேன் என்று அந்தத் தகப்பனாரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. தேநீர் கொடுத்தார். புறப்படும்போது, “இனி யாராவது கேட்டா இருக்கறதைச் சொல்லுங்கண்ணா” என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தைரியமும் எனக்கு வரவில்லை. அவருடைய பேரன் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான்.

அன்றிரவு மகளை அழைத்து விடை சொன்னேன். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் மிகை என்று தெரிந்திருந்தால் அது அணி. உள்ளே ஓர் உண்மை இருந்து, அதை மிகை துலக்கிக் காட்டினால் அது அழகு. கேட்பவர் நம்பி முடிவெடுக்கும் இடத்தில் உண்மையை மூடினால் அது பொய். அதற்கு இலக்கணத்தில் இடம் தேடக் கூடாது. தண்டியலங்காரம் தன் 35 அணிகளுள் முதலில் வைத்திருப்பது தன்மை அணியை, அதாவது உள்ளதை உள்ளபடி கூறும் இயல்பு நவிற்சியை என்பதையும் சொன்னேன்.

அவள் சற்று யோசித்தாள். “அப்ப அம்மா அன்னைக்கு நூறு தடவை கூப்பிட்டேன்னாங்களே, அது?”

“எத்தனை தடவை கூப்பிட்டாங்க?”

“நாலு தடவை இருக்குமுங்க.”

“நாலு தடவையும் கேட்டுட்டுத்தான் உட்கார்ந்திருந்தியா? அப்ப அம்மா மேல குற்றமில்லை. எழுந்திரு, சோறு ஆறுது.”

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை உண்மையின்மீது நிலைநிறுத்துவாயாக. எங்கள் சொல்லை நம்பி நொந்தவர்களின் உள்ளங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக. ஆமீன்.